உப்பில்லாத மாவு

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இயேசுவின் நினைவாக அப்பம் பிட்டுப் பகிரும் திருவிருந்து நடக்கும். அதற்கான அப்பம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் நகரில், கார் பேட்டரி விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் கூடுகிற சிறிய தமிழ்ச் சபை அது. ஆயத்தமாகக் கிடைக்கும் வெள்ளை வில்லைகளை வாங்கி வைக்கும் வழக்கம் அங்கே இருந்ததில்லை. கோதுமை மாவும் வெந்நீரும் மட்டும் போதும். உப்பு, எண்ணெய், புளிப்பு எதுவும் கூடாது. சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாகத் தேய்த்து, கல்லில் வாட்டி, வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைச் செய்தவர் அம்மா. பிறகு நான் செய்தேன். அந்த வேலை ஏன் கைமாறியது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவின் வலக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா ஒருபோதும் சபைக்கு வந்தவரல்லர். வீட்டுக் கூடத்தின் அலமாரியில் அவருடைய முருகன் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் அதன் முன்னே விளக்கேற்றுவார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அம்மாவையும் என்னையும் காரில் கொண்டுவந்து சபையின் மாடிப்படி அருகே இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரே இருக்கும் கடையில் தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீர் குடித்தபடி செய்தித்தாள் படிப்பார். இதைப் பற்றி எங்கள் வீட்டில் சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு கடவுள்களுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத் தொடங்கிய ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு சிதறிய துண்டுகளாகத் திரும்பியது. வலக்கை மட்டும் திரும்பவில்லை. அம்மா வெள்ளிதோறும் உபவாசம் இருந்தார். சபையார் வீட்டுக்கு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, அந்தக் கையைத் தொட்டு உரத்த குரலில் ஜெபித்தார்கள். அப்பா கண்களை மூடிக்கொண்டு, விருந்தினரைச் சகித்துக்கொள்ளும் மரியாதையுடன் படுத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் கையைப் பார்த்தார்கள். கை போர்வையின்மேல் வைத்தபடியே இருந்தது.

பின்னொரு வெள்ளிக்கிழமை மாலையில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிவரை போய், இடக்கையால் தீக்குச்சியை உரச முயன்றார். பெட்டி கீழே விழுந்து குச்சிகள் சிதறின. அடுப்படியிலிருந்து வந்த அம்மா குச்சிகளைப் பொறுக்கினார். ஒன்றை உரசி விளக்கை ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்காதபோதே, "அவருக்காகத்தான்" என்றார். அடுத்த வெள்ளியும் ஏற்றினார். பிறகு அப்பாவின் நெற்றியில் திருநீறு இடத் தொடங்கினார். விரலில் மிஞ்சியதை எங்கே துடைப்பது என்று தெரியாதவர்போல ஒருநாள் தம் நெற்றியில் துடைத்துக்கொண்டார். அம்மா சபைக்கு வருவதை எந்த நாளில் நிறுத்தினார் என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. முதலில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றார். பிறகு துணைக்கு ஆளில்லை என்றார். அதன் பிறகு காரணம் சொல்லப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

விசுவாசத்திலிருந்து விலகிப் போவதற்குச் சபையில் ஒரு சொல் உண்டு: பின்மாற்றம். முன்வரிசையில் அமரும் ஓர் ஆண்ட்டி, சளித்தொல்லையைப் பற்றி விசாரிக்கும் தொனியில் என்னிடம், "அம்மா பின்மாற்றத்துல போயிட்டாங்களாமா?" என்று கேட்டார். கை விளங்காத ஒருவருக்காக இன்னொருவர் விளக்கேற்றுவது எந்த இடத்தில் அன்பாக இருக்கிறது, எந்த இடத்தில் மறுதலிப்பாகிறது என்று கோடு கிழிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் வேறொரு கோட்டை நான் கிழித்தேன். அப்பம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டபோது அதற்கென்று தனியாக ஒரு பொட்டலம் கோதுமை மாவு வாங்கி, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தனிக் கிண்ணமும் தனிப் பூரிக்கட்டையும் வைத்துக்கொண்டேன். விளக்கேற்றும் கை தொட்ட மாவு திருவிருந்து மேசைக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன். அம்மா இதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் செய்த அப்பம் நன்றாக வரவில்லை. விளிம்புகள் வெடித்தன, ஆறியதும் அட்டைபோல விறைத்தது. சபையில் ஒரு பெரியவர் இருந்தார். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் வெளிப்படையாகச் சொல்வார்: "தங்கச்சி, என் பொய்ப்பல்லுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டு லா. கர்த்தரோட சரீரம் கல்லு கிடையாது."

ஆராதனையில் எனக்கு மிகக் கடினமான பகுதி சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து கடவுள் தமக்குச் செய்ததைச் சொல்வார்கள். சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, ஸ்கேனில் கட்டி தெரியவில்லை, மகன் குடியை விட்டான் என்று. எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அந்த நடக்காமை ஒவ்வொரு வாரமும் நடந்துகொண்டிருந்தது. "விசுவாசம் பத்தல மா, ஜெபத்துல இன்னும் தட்டணும்," என்றார் அந்த ஆண்ட்டி. நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். விடியலில் அப்பாவைப் புரட்டிப் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, ஜொகூர் பாருவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து பிடித்து, மாலையில் திரும்பி, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, வேதாகமத்தைத் திறந்தால், வரிகளின்மேல் கண் ஓடுமே தவிர ஒன்றும் உள்ளே இறங்காது. சொற்களைத் தேர்ந்தெடுப்பதே என் படிப்பு. ஆனால் ஜெபத்தில் எனக்குச் சொற்கள் தீர்ந்துபோயின. எல்லோரும் உரக்க ஜெபிக்கும் அந்த அறையில் நான் பேட்டரிக் கடையின் விளம்பரப் பலகை தெரியும் சன்னலைப் பார்த்தபடி வாய்மூடி நிற்பேன். என் நம்பிக்கை உடைந்துவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உடையவில்லை. தேய்ந்துகொண்டிருந்தது. தேய்வதில் ஓசை இல்லாததால் பிறருக்குத் தெரியவில்லை.

அப்படியிருந்த ஒரு வியாழக்கிழமை, சாஆ என்ற ஊரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் தங்கை, வாரந்தோறும் வீட்டுக் கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கோடு வருபவர். அப்பாவின் கட்டிலருகே அமர்ந்து அந்தக் கையை எண்ணெய் தடவி நீவிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"நம்ம தோட்டத்துக் கோயில்ல திருவிழா வருது. ஞாயித்துக்கெழம காலையில காப்புக் கட்டுறாங்க. இந்த வருசம் நீ ஒரு பால்கொடம் எடு. அப்பாவுக்காக."

"நான் சபைக்குப் போறேனே அத்தை."

"போ. யாரு வேணாம்னா? நீ நம்பணும்னுகூட நான் சொல்லல லா. தூக்கிக்கிட்டு நடந்தா போதும். பெத்த புள்ள நடந்தா அதுக்கு ஒரு பலன் இருக்கும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க சாமி கோவிச்சுக்குவாரா? ரொம்ப அன்பான சாமின்னுதானே பாட்டுப் பாடுறீங்க?"

அம்மா வாசற்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு குடத்தைச் சுமந்து நடந்துவிட்டால், இத்தனை நாள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காததற்காக இனிக் கேட்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை, எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், நானும்கூட.

"சரி அத்தை," என்றேன்.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. குடம் ஒரு நாளைக்கு மட்டும் என்று அத்தை நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சபையின் மாடிப்படியில் இனி ஏறப்போவதில்லை என்றுதான் சரி சொன்னேன். அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு என்பதும் எனக்கு நினைவிருந்தது. பாஸ்டருக்கு நான் ஒன்றும் தெரிவிக்கவில்லை. அப்பம் வராவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூரிக்கட்டை உருளும் ஓசையில் விழித்தேன். அடுப்படிக்குப் போனேன். அம்மா மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. அடுப்பருகே, நெடுநாளாகக் காணாமற்போயிருந்த அம்மாவின் வெள்ளைத் துண்டு இஸ்திரி போடப்பட்டு விரிக்கப்பட்டிருந்தது.

"போய்க் குளி. நேரமாச்சு," என்றார்.

"நான் சபைக்குப் போகலம்மா. அத்தை வர்றாங்க."

"தெரியும்." கல்லில் கிடந்ததைத் திருப்பினார். "பாஸ்டர் செனாய்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வருவாரு. வெறும் துண்ட மேசையில விரிச்சு வெச்சுக்கிட்டு நிப்பாரா?"

எங்கள் பாஸ்டர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். காலணியில் எண்ணெய்க் கறையோடு வந்து பிரசங்கம் செய்வார். அதை நான் மறந்திருக்கவில்லை, நினைக்காமலிருந்தேன்.

"நீங்க செய்யலாமாம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடிய கேள்வி என்று எனக்கே உறைத்தது.

அம்மா கைகளை விரித்துப் பார்த்தார். "கை சுத்தமாத்தான் இருக்கு."

நான் அரிசி வாளியின் பின்னால் குனிந்தேன். பொட்டலம் அங்கே இல்லை.

"ஒன் மாவுல வண்டு வெச்சிருச்சு," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "கட்டி மூடி வெச்சா அப்படித்தான். வெளிய மைனாவுக்குக் கொட்டிட்டேன். இது அப்பா மாவு."

அப்பாவுக்கு உப்பு கூடாதென்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அம்மா அவருக்கு உப்பும் எண்ணெயும் இல்லாமல் வெந்நீரில் பிசைந்து, சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். அதே அடுப்படியில் நான் மாதத்துக்கு ஒருமுறை தனிக் கிண்ணத்தோடு வந்து போயிருக்கிறேன். இரண்டும் ஒரே மாவு என்பது என் கண்ணில் படவே இல்லை.

"அவருக்கும் உப்பு ஆவாது, ஒங்க மேசைக்கும் உப்பு ஆவாது," என்றார் அம்மா. "கையி வழக்கத்த மறக்கல."

"அப்ப நீங்களும் வாங்களேன்."

அவர் வெகுநேரம் அடுத்த உருண்டையைத் தேய்த்தார். வட்டம் வந்த பிறகும் தேய்த்தார்.

"நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியல. ரொம்பக் களைச்சுப் போனேன், ஒக்காந்துட்டேன். அவ்வளவுதான் தெரியுது." பூரிக்கட்டையை நிறுத்தினார். "நீயும் வந்து பக்கத்துல ஒக்காந்துட்டா என்னைய யாரு கூப்புடுறது?"

அம்மா அப்பத்தைத் துண்டில் அடுக்கி நான்கு முனைகளையும் மடித்தார். நான் குளிக்கப் போனேன்.

நான் தலைவாரிக்கொண்டிருக்கும்போது அத்தையின் கார் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் கையில் மஞ்சள் துணியும் பூவும் இருந்தன. என்னுடைய வெள்ளைச் சுடிதாரையும் மேசையிலிருந்த பொதியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அலமாக். இது என்னா அண்ணி, ரொட்டி மூட்ட? வழியில சாப்புடவா?"

"அத்தை, நான் வரல," என்றேன். "வியாழக்கிழமை சரின்னு சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

"நல்லாருக்கு. படிச்ச புள்ள, வாக்கு குடுத்துட்டு மாத்துது. இதத்தான் அங்க சொல்லிக் குடுக்குறாங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "எங்கண்ணன் கை வெளங்காமக் கெடக்கு. ஒனக்கு ரொட்டி பெருசாப் போச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஒவ்வோர் எழுத்தையும் தேடியெடுத்த குரல்.

"வி… டு."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். ஏதோ பெரிய சொல் வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்து நின்றேன்.

"ப… சி."

அம்மா சிரித்துவிட்டார். அந்த ஆண்டில் அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். கல்லிலிருந்து ஒன்றை எடுத்து, பிய்த்து, பருப்பில் தோய்த்து அப்பாவின் இடக்கையில் கொடுத்தார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, நானே எடுக்குறேன்," என்றார், எவரையும் பார்க்காமல். "முட்டி வலிதான். மெல்ல நடந்துக்குறேன்." அவருடைய நம்பிக்கை என்னுடையதன்று. ஆனால் வலிக்கும் முழங்காலோடு அண்ணனுக்காக நடக்கத் துணிந்த அவரை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் அத்தை," என்றேன்.

அப்பாவின் பழைய காரை நானே ஓட்டிச் சென்றேன். பொதி பக்கத்து இருக்கையில் இருந்தது. சூட்டில் அதன் மணம் காருக்குள் நிறைந்தது. ஏதோ வெற்றி பெற்றவளாக என்னை நான் உணரவில்லை. உண்மையில், அடுத்த வட்டச்சாலையில் வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திருப்பாததற்குக் காரணம் வைராக்கியம் அன்று. அப்பம் சூடாக இருந்தது. அதற்காக ஒருவர் காத்திருந்தார்.

மாடியில் ஏறியபோது பாட்டு முடிந்து சாட்சி நேரம் தொடங்கியிருந்தது. பாஸ்டர் சிவந்த கண்களோடு மேசையருகே நின்றிருந்தார். நான் பொதியை வைத்ததும் துண்டைத் தொட்டுப் பார்த்தார். மிருதுவாக இருந்ததை உணர்ந்திருக்க வேண்டும். என்னை ஒருமுறை பார்த்தார். நான் இடத்துக்குப் போய் அமர்ந்திருக்கலாம். அமரவில்லை.

"எனக்குப் பெரிய சாட்சி எதுவும் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அப்பாவுக்குக் கை இன்னும் வரல. இன்னைக்கு நான் வர்றதா இல்ல. இனிமேலும் வர்றதா இல்ல. காலையில எங்கம்மா இந்த அப்பத்தச் செஞ்சு வெச்சாங்க. அதனால வந்தேன். அவ்வளவுதான்."

பின்வரிசையிலிருந்து லாரிக்காரப் பெரியவர், எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல, "ஸ்தோத்திரம்!" என்றார். ஓரிருவர் பழக்கத்தில் அதைத் திரும்பச் சொன்னார்கள்.

முன்வரிசை ஆண்ட்டி குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில், "பாஸ்டர், அவங்க இப்ப வெளக்கு ஏத்துறாங்க. அவங்க செஞ்சத எப்படி…" என்றார்.

நான் அஞ்சியது இதைத்தான். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவளே நான் என்பதால், அதற்கு என்னிடம் விடையும் இல்லை, கோபமும் இல்லை. பாஸ்டர் துண்டை விரித்தார். இரவு முழுதும் நின்று வேலை செய்த கால்களை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

"நானும் ஒரு காலத்துல வெளிய நின்னவன்தாங்கம்மா," என்றார். "எல்லாரும் எழுந்து நிக்கலாம்."

அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டார். அது ஓசையில்லாமல் பிரிந்தது. ஆண்ட்டி தயங்கினார், தட்டு தம்மிடம் வந்தபோது கண்களை மூடிக்கொண்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். என் முறை வந்தது. வாயில் வைத்தபோது அதில் எந்தச் சுவையும் இல்லை. கோதுமையின் மெல்லிய இனிப்பு மட்டும் பிறகு வந்தது. கடவுள் என்னை எதனால் பிடித்து வைத்திருக்கிறார் என்று நான் பலநாள் தேடியிருக்கிறேன். என் பிடி வியாழக்கிழமையே விட்டுப்போயிருந்தது. ஆகவே என்னைப் பிடித்திருந்தது என் பிடி அல்ல என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கிருபை என்ற சொல்லை அதுவரை நான் பாடல்களில் பாடியிருக்கிறேன். அது களைத்து உட்கார்ந்துவிட்ட ஒருத்தியின் கையாலும் வரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

படியிறங்கும்போது பெரியவர் தோளருகே வந்து, "இன்னைக்குப் பல்லு தப்பிச்சுச்சு. அம்மாகிட்ட சொல்லு," என்றார்.

மேசைக்குத் தேவையானதைவிட ஒன்று கூடுதலாகச் செய்து அனுப்புவது அம்மாவின் வழக்கம். அது பிட்கப்படாமல் துண்டிலேயே திரும்பி வந்தது. வீட்டில் அத்தையின் கார் இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து சுவரில் தலைசாய்த்திருந்தார். என் காலடி கேட்டுக் கண் திறந்தார்.

"மிச்சம் வந்துச்சா?"

"ஒன்னு இருக்கு."

பொதியை அவிழ்த்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் அதை நாங்கள் இருவரும் காரிலேயே பகிர்ந்து தின்றுவிடுவோம். அப்பா ஓட்டிக்கொண்டே கைநீட்டுவார், அவருக்கும் ஒரு துண்டு உண்டு. அம்மா அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை அப்பா எழுந்ததும் கொடுப்பதற்காகத் தட்டால் மூடி வைத்தார். மற்ற பாதியை மீண்டும் பிய்த்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் சுவரில் சாய்ந்தபடி மெல்லத் தின்றோம்.

அப்பாவின் கை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அத்தை பால்குடம் எடுத்தார். முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்திருந்தார். இப்போது மறுபடி கிழங்கு கொண்டுவருகிறார், என்னிடம் மட்டும் சுருக்கமாகப் பேசுகிறார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா விளக்கேற்றுகிறார். முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுவதற்கு முன்பே மாவு பிசைந்து வைத்திருக்கிறார். தேய்ப்பதும் சுடுவதும் என் வேலை. புறப்படும்போது, "நீங்களும் வாங்கம்மா," என்று கூப்பிடுகிறேன். "அப்பாவ யாரு பாக்குறது, போ," என்கிறார். அடுத்த மாதமும் கூப்பிடுவேன். களைப்பு தீரவில்லை. அரிசி வாளியின் பின்னால் இப்போது எதுவும் இல்லை.